மணம் மைசூரில், குச்சி வியட்நாமில்

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடைகளையும் குங்குமக் குவியல்களையும் கடந்தால், வாசனை எண்ணெய்க் குப்பிகளை வரிசையாக அடுக்கிய கடைகள் வரும். அங்கே ஏதாவதொரு கடை வாசலில் தாழ்வான பலகையை முன்னால் வைத்துக்கொண்டு ஒருவர் ஊதுபத்தி உருட்டிக் காட்டுவார். பிசைந்த கரிமாவில் ஒரு சிட்டிகை எடுத்து, மூங்கில் குச்சியோடு சேர்த்துப் பலகையில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு. மாவு குச்சியின் மேல் ஒரே கனத்தில் ஏறிவிடும். வெளியூர்க்காரர்கள் படம் பிடிப்பார்கள். சிலர் தாமும் உட்கார்ந்து உருட்டிப் பார்ப்பார்கள், மாவு திட்டுத்திட்டாக ஒட்டும். பிறகு அலமாரியிலிருந்து பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பாக்கெட்டில் இருப்பது கையால் உருட்டிய பத்தியாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மணம் ஏற்றாத வெறும் பத்தியைத் தொழிலில் ‘ரா பத்தி’ என்பார்கள். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் கணக்குப்படி, இந்தியச் சந்தையில் 2009-ல் ரா பத்தியின் இறக்குமதிப் பங்கு 2 சதவீதம். 2019-ல் 80 சதவீதம். ரூபாயில் சொன்னால் 31 கோடியிலிருந்து 546 கோடி. வந்ததில் பெரும்பகுதி வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும். உள்நாட்டுப் பத்திக் கூடங்களில் நான்கில் ஒன்று அந்தக் காலத்தில் மூடப்பட்டதாகவும் ஆணையம் சொல்கிறது. புவிசார் குறியீடு பெற்ற ‘மைசூர் அகர்பத்தி’யின் சொந்த நாட்டில்தான் இது நடந்தது.

மார்க்கெட்டைச் சுற்றிய தேவராஜ மொஹல்லாவில் வியாபாரம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. சின்ன கடியார மணிக்கூண்டிலிருந்து சயாஜி ராவ் சாலை நெடுக, மைசூர் ஊதுபத்தி இன்றும் கட்டுக்கட்டாக விற்கிறது. இங்கிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகிறது. ஊர் தோற்கவில்லை. ஊரிலிருந்த ஒரு வேலை மட்டும் வெளியேறிவிட்டது. எந்த வேலை போனது, எது தங்கியது, ஏன் என்று கேட்டால், புதுமையின் பொருளாதாரத்தைப் புத்தகத்தைவிடத் தெளிவாக இந்தச் சந்தில் படிக்கலாம்.

பத்தித் தொழிலில் மூன்று படிகள் உண்டு. மூங்கிலைச் சீவிக் குச்சியாக்குவது முதல் படி. கரித்தூளையும் ஜிகட் என்கிற பசைமரப் பட்டைப் பொடியையும் தண்ணீரில் பிசைந்து குச்சியில் உருட்டிக் காயவைப்பது இரண்டாவது. காய்ந்த பத்தியை மணக்கலவையில் முக்கி, உலர்த்தி, பாக்கெட்டில் அடைப்பது மூன்றாவது. மசாலா பத்தி என்றால் முறை வேறு. சந்தனத்தூள், மட்டிப்பால் போன்றவற்றைச் சேர்த்துப் பிசைந்த மசாலாவிலேயே மணம் இருக்கும், தனியாக முக்க வேண்டியதில்லை. சந்தையில் பெரும்பங்கு முக்கியெடுக்கும் பத்திக்கே.

மூன்று படிகளில் அதிகம் பேருக்குக் கூலி தந்தது இரண்டாவது. மைசூரின் உதயகிரி, ராஜீவ்நகர், காந்திநகர் போன்ற பகுதிகளில் பெண்கள் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் உட்கார்ந்து உருட்டினார்கள். ஏஜென்ட் மாவும் குச்சியும் கொண்டுவந்து கொடுப்பார், உருட்டியதை எண்ணி வாங்கிப் போவார். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. நாள் முழுக்கக் குனிந்திருந்தால் முதுகு போகும், கரித்தூள் நகக்கண்ணில் ஏறும், மழைக்காலத்தில் பத்தி காயாமல் கூலி நிற்கும். ஆனாலும் சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டே கையில் காசு பார்க்க அவர்களுக்கு இருந்த சில வழிகளில் அது ஒன்று. மதிப்பு அதிகம் சேர்ந்ததோ மூன்றாவது படியில். எந்த வாசனையை எதனுடன் எவ்வளவு கலப்பது என்ற கணக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் ஓரிருவருக்கே தெரியும். உருட்டும் கை ஆயிரக்கணக்கில் இருந்தது, கலக்கும் மூக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்.

பிறகு நடந்தது எல்லாம் இந்த ஏற்பாட்டுக்குள் முன்பே எழுதியிருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

மைசூர் இதே பாடத்தை நூறு வருடத்துக்கு முன்னால் மறுபக்கத்திலிருந்து படித்திருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன், மைசூர் சமஸ்தானத்தின் சந்தனக்கட்டை ஏலத்தில் விற்கப்பட்டு, பெரும்பாலும் ஜெர்மனிக்குக் கப்பலேறும். எண்ணெய் வடிப்பது அங்கே. மரம் இங்கே, லாபம் அங்கே. 1914-ல் போர் வெடித்ததும் கப்பல் நின்றது, கட்டைகள் தேங்கின. அப்போது திவானாக இருந்தவர் விஸ்வேஸ்வரய்யா. ஆலோசனைக்கு ஆல்ஃபிரட் சாட்டர்டன் இருந்தார். சென்னை மாகாணத்தில் அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுதலையும் நடத்திக் காட்டிய அதே சாட்டர்டன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் சோதனைக்கூடத்தில் எண்ணெய் வடித்துப் பார்த்தார்கள். 1916-17 வாக்கில் சமஸ்தானமே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது, மைசூரில் ஆலை எழுந்தது. மைசூர் சாண்டல் சோப்பும் அந்த எண்ணெயின் வழிவந்ததுதான்.

அங்கே மாறியது மரமல்ல, வடிக்கும் அறிவு இருந்த இடம். அரசு பணம் போட்டது, விஞ்ஞானிகள் முறையைக் கண்டார்கள், மூலப்பொருள் வீட்டுக் கொல்லையில் இருந்தது, போட்டியாளரைப் போர் தடுத்து வைத்தது. இந்த நான்கும் ஒரே சமயத்தில் கூடியதால்தான் அது நடந்தது. இயந்திரத்தை மட்டும் வாங்கி வைத்திருந்தால் நடந்திருக்காது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த மண்ணில் பத்திக் கம்பெனிகள் வளர்ந்தன. 1948-ல் ரங்கா ராவ் மைசூரில் தொடங்கிய நிறுவனம்தான் இன்று சைக்கிள் பிராண்டாகத் தமிழ்நாட்டுப் பூஜை அறைகளிலும் எரிகிறது. எழுத்துத் தெரியாதவர்களும் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்கக்கூடிய பெயர். கடைக்குக் கடை போகும் விற்பனை ஏற்பாடு, மாறாத மணம், மனதில் நிற்கும் படம் ஆகியவையும் புதுமைதான். பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமலே இவை நாடு முழுக்க ஒரு சந்தையை உருவாக்கின. ஆனால் அந்தப் புதுமைகள் அனைத்தும் மூன்றாவது படியில் நடந்தன. இரண்டாவது படியில் பலகையும் உள்ளங்கையும் பல தலைமுறைகளாக அப்படியே இருந்தன. கூலி அவ்வளவு மலிவாக இருக்கும்போது இயந்திரம் கண்டுபிடிக்க யாருக்கு அவசரம்?

அவசரம் வேறு நாட்டில் வந்தது. சீனாவிலும் வியட்நாமிலும் பத்தி செய்யும் தானியங்கி இயந்திரங்கள் பெருகின. மாவை ஒரு குழாயில் அழுத்தி, நடுவில் குச்சியைச் செலுத்தி, நொடிக்குச் சில பத்திகள் என்று தள்ளும் இயந்திரம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குச்சி உருண்டையாக, ஒரே தடிமனாக, வளையாமல் இருக்க வேண்டும். கையால் சீவிய சதுரக் குச்சி உள்ளே சிக்கிக்கொள்ளும். 2011-ல் இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தபோது, அந்த நாடுகளின் குச்சியும் பத்தியும் ஒன்றாகவே துறைமுகத்தில் இறங்கின.

இதன் அடி மைசூரில் மட்டும் விழவில்லை. இந்தியப் பத்திக்கு நெடுங்காலம் குச்சி தந்த மாநிலம் திரிபுரா. 2010-ல் சுமார் 29,000 டன் அனுப்பிய அந்த மாநிலத்திலிருந்து 2017-ல் போனது ஆயிரத்துச் சொச்சம் டன்தான். அகர்தலாவுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மூங்கில் சீவிய பெண்ணும் உதயகிரியில் பத்தி உருட்டிய பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவருக்கும் வேலை போனது ஒரே இயந்திரத்தால்.

மூங்கில் நம்மிடம் இல்லையா? உலகில் மூங்கில் வளம் மிகுந்த நாடுகளில் இந்தியா ஒன்று. ஆனால் 1927-ன் வனச் சட்டம் மூங்கிலை மரம் என்று வகைப்படுத்தியிருந்தது. தாவரவியலில் அது புல். காட்டுக்கு வெளியே தன் நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டிக் கொண்டுபோகக்கூடப் பல இடங்களில் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 2017 நவம்பரில்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. தொண்ணூறு வருடம்! சந்தனத்துக்கும் இதே கதைதான். தன் தோட்டத்துச் சந்தன மரம் தனக்கே சொந்தம் என்று கர்நாடக விவசாயி சொல்ல 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொந்தமில்லாத மரத்தை யார் நடுவார்கள்? மூலப்பொருளைப் பயிரிடுகிறவருக்கு உரிமை தராத நாடு, அதன்மேல் எழும் தொழிலில் புதுமை வரவில்லையே என்று வருந்த முடியாது.

இன்னொரு தடை கூர்மையானது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசியதில்லை. ஒரு மூங்கிலில் பத்திக்குச்சிக்குப் பயன்படுவது அதன் மேலடுக்குகள் மட்டுமே, அதிகபட்சம் 16 சதவீதம். மீதி 84 சதவீதம் இங்கே கழிவு. சீனாவில் அந்தக் கழிவு கரியாகவும் வேறு பொருளாகவும் விற்கிறது, அதனால் குச்சியின் மேல் விழும் மூங்கில் செலவு குறைகிறது. கதர் ஆணையம் 2022-ல் தந்த கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் மூங்கில் விலை டன்னுக்கு 4,000 முதல் 5,000 ரூபாய். சீனாவில் 8,000 முதல் 10,000. அதாவது நம் மூங்கில் பாதி விலை. ஆனால் உருண்டைக் குச்சிக்கு ஆகும் மூங்கில் செலவு இங்கே டன்னுக்கு 25,000 முதல் 40,000. அங்கே 12,000 முதல் 15,000. மலிவான மூங்கிலை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த குச்சி செய்திருக்கிறோம். காரணங்களில் ஒன்று, மூங்கில் கரியை ஏற்றுமதி செய்ய இருந்த தடை. 2022 மே மாதத்தில்தான் அது நீங்கியது. ஒரு தொழிலின் போட்டித்திறன் அதன் இயந்திரத்தில் இல்லாமல் பக்கத்துத் தொழிலின் கழிவுக் கணக்கில் ஒளிந்திருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அரசு விழித்துக்கொண்டது 2019-ல். அந்த ஆண்டு ஆகஸ்டு 31-ல் பத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. மூடிய கூடங்கள் சில திறந்தன. உடனே வியாபாரிகள் பத்திக்குப் பதில் குச்சியை இறக்கத் தொடங்கினார்கள். 2018-19-ல் 210 கோடி ரூபாயாக இருந்த குச்சி இறக்குமதி அடுத்த ஆண்டில் 370 கோடி. 2020 ஜூனில் குச்சிக்கான வரி 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமானது. ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையைத் தேடியது.

வரிச்சுவர் தவறு என்று நான் வாதாட வரவில்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி மக்களுக்கு இந்த விவாதம் புதிதல்ல. கையால் செய்யும் தீப்பெட்டிக்கு இயந்திரத் தீப்பெட்டியைவிடக் குறைந்த கலால் வரி என்று பல பத்தாண்டுகள் இருந்த ஏற்பாடுதான், பெரிய தீப்பெட்டிக் கம்பெனியான விம்கோவுக்கு எதிரே சிறு தொழிற்சாலைகளை நிற்க வைத்தது. அங்கே கிடைத்த அவகாசத்தில் ஒரு முதலாளி வர்க்கமே உருவானது. அச்சுத் தொழில், பட்டாசு என்று பரவியது. ஆனால் குச்சி அடுக்கிய பெண்ணுக்கும் பெட்டி ஒட்டிய குழந்தைக்கும் அந்த அவகாசம் என்ன தந்தது என்ற கேள்வி அந்த ஊர்களில் இன்னும் நிற்கிறது. பாதுகாப்பு அவகாசத்தைத் தரும், அதை யாருக்குச் செலவிடுவது என்பதைத் தனியாக முடிவு செய்ய வேண்டும்.

கதர் ஆணையம் 2020-ல் அறிவித்த பத்தித் திட்டத்தை இந்தக் கண்ணால் பார்க்கலாம். தானியங்கி இயந்திரத்தையும் மிதி இயந்திரத்தையும் கைவினைஞர்களுக்குக் கொடுப்பது, விலையில் 25 சதவீதம் மானியம், மீதி 75 சதவீதம் தவணையில். ஒரு தானியங்கி இயந்திரம் நாளுக்கு 80 கிலோ ரா பத்தி தரும், அதில் நான்கு பேருக்கு வேலை. உருட்டுக் கூலி கிலோவுக்கு 15 ரூபாய். ஆக நாளுக்கு 1,200 ரூபாய், ஆளுக்கு 300. ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்றிருந்த கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று மாறியிருக்கிறது. அந்த ஆண்டு கர்நாடகக் கிராமத்தில் நூறு நாள் வேலைக்கு நாள்கூலி 275 ரூபாய். ஒரு தொழிலின் உற்பத்தித் திறன் பல மடங்கு உயர்ந்த பிறகும், அதை இயக்குகிறவருக்கு மண் வெட்டும் வேலையைவிட 25 ரூபாய்தான் கூடுதல். அதே ஒரு கிலோ மணமேறி, வண்ண அட்டைக்குள் புகுந்து, தேவராஜ மார்க்கெட் அலமாரியில் ஏறும்போது பல நூறு ரூபாய்.

இந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. இயந்திரம் முதலாளியிடம் இல்லாமல் தொழிலாளியிடம் இருக்க வேண்டும் என்று யோசித்த திட்டம் அது. அதன் ஆபத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறக்குமதி விதி நாளை மாறினால் கிலோவுக்கு 15 ரூபாய் சரியும், தவணை சரியாது.

புதுமை எப்படி வளர்ச்சியாகிறது என்ற கேள்விக்காகவே 2025-ஆம் ஆண்டுப் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது. பாதியை ஜோயல் மோக்கிரும், மறு பாதியை ஃபிலிப் அகியோனும் பீட்டர் ஹோவிட்டும் பெற்றார்கள். அகியோனும் ஹோவிட்டும் 1992-ல் எழுதிய கட்டுரை, ‘ஆக்கபூர்வ அழிவு’ என்று ஷும்பீட்டர் முன்பு சொன்னதைக் கணிதமாக்கியது. புதியது வரும்போது பழையது விழும், அந்த விழுதலே வளர்ச்சியின் எரிபொருள். மோக்கிர் சொல்வது வேறு. ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று மட்டும் தெரிந்தால் முன்னேற்றம் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும், அது ஏன் வேலை செய்கிறது என்றும் தெரிந்தால்தான் ஒரு கண்டுபிடிப்பின் மேல் அடுத்ததைக் கட்ட முடியும்.

மோக்கிரை உதயகிரித் திண்ணையில் வைத்து வாசித்தால் எல்லாம் பளிச்சென்று விளங்குகிறது. உருட்டிய பெண்களுக்கு ‘எப்படி’ தெரியும், அபாரமாகத் தெரியும். மாவின் ஈரத்தை விரல் நுனியில் அளப்பார்கள். ‘ஏன்’ அவர்களிடம் போகவே இல்லை. எந்தப் பிசின் எவ்வளவு நேரம் எரியும், எந்த எண்ணெய் எந்தச் சூட்டில் ஆவியாகும், எந்த மணம் கரியோடு சேர்ந்தால் கெடும் என்பதெல்லாம் கம்பெனியின் உள்ளறையில் இருந்தது. அதனால்தான் ‘எப்படி’யை இயந்திரம் எடுத்துக்கொண்டபோது அவர்கள் கையில் எதுவும் மிஞ்சவில்லை. மணம் கலக்கும் படி மைசூரிலேயே தங்கியது.

அகியோன்-ஹோவிட் மாதிரியில் விழுவது நிறுவனங்கள். மைசூரில் அப்படிப்பட்ட விழுதலும் நடந்தது. யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கி, யெஸ்டி என்ற பெயரை இந்தியா முழுக்க ஓட்டி, 1996-ல் மூடியது. குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடும் நான்கு-ஸ்ட்ரோக் ஜப்பானியத் தொழில்நுட்பம் எண்பதுகளில் வந்த பிறகு அது தாக்குப்பிடிக்கவில்லை. அந்தக் கேட் மூடியதை ஊரே பார்த்தது, சங்கம் பேசியது, பத்திரிகைகள் எழுதின. ஊதுபத்தியில் மூடுவதற்குக் கேட்டே இல்லை. ஒரு வாரம் ஏஜென்ட் மாவு கொண்டுவரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு இழப்பீடு கேட்க ஆவணம் எது? தொழில்நுட்ப மாற்றத்தால் வேலையிழந்தோர் என்ற எந்தக் கணக்கிலும் இவர்கள் ஏறவே இல்லை.

டேவிட் ரிக்கார்டோ தன் பொருளாதார நூலின் மூன்றாம் பதிப்பில், 1821-ல், இயந்திரங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்த்தார். இயந்திரம் எல்லோருக்கும் நன்மை என்று முன்பு நம்பியவர், அது உழைக்கும் வர்க்கத்துக்குக் கேடு செய்யவும் கூடும் என்று அதில் வெளிப்படையாக எழுதினார். இருநூறு வருடம் கழிந்தும், விழுகிறவருக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியை வளர்ச்சிக் கணக்கின் அடிக்குறிப்பிலேயே வைத்திருக்கிறோம்.

கை உருட்டலைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதுகையும் மூச்சையும் கெடுக்கும் வேலை இயந்திரத்துக்குப் போவது நல்லது. கேட்பது இரண்டாவது படியிலிருந்து மூன்றாவது படிக்கு ஏற ஒரு வழி. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ஊரில் 1991 முதல் மணப்பொருள் மேம்பாட்டு மையம் ஒன்று மத்திய அரசின் ஆதரவில் இயங்குகிறது. மணம் கலப்பதையும் பத்தித் தயாரிப்பையும் வகுப்பு நடத்திக் கற்றுத்தருகிறது. கான்பூரில் கோயில் பூக்கழிவிலிருந்து பத்தி செய்யும் ஃபூல் நிறுவனம் சில வருடங்களிலேயே பெயர் எடுத்துவிட்டது. தேவராஜ மார்க்கெட்டின் பூச்சந்தில் ஒவ்வொரு மாலையும் வாடி விழும் பூ கொஞ்சநஞ்சமல்ல. உணவுத் தொழில்நுட்பத்துக்கு நாட்டின் முதன்மை ஆய்வுக்கூடமான சி.எஃப்.டி.ஆர்.ஐ. 1950 முதல் இதே ஊரில் இருக்கிறது. நறுமண எண்ணெய் வடிக்கும் அறிவு அங்கே உண்டு.

நகரப் பேருந்தில் போய்வரும் தூரத்தில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில், கன்னடத்திலும் உருதுவிலும் தமிழிலும் மணக்கலவை வகுப்பு ஒன்று நடக்கட்டும். முன்பு உருட்டியவர்களுக்கு அதில் முதலிடம், பயிற்சி நாள்களுக்கு உதவித்தொகை. முடித்தவர்கள் சேர்ந்து சிறிய கூட்டுறவாகத் தங்கள் பெயரிலேயே ஒரு மணத்தைச் சந்தைக்குக் கொண்டுவர முதல் ஆண்டுக்கு அரசுக் கொள்முதல். கர்நாடக அறநிலையத் துறையான முசராய் துறையின் கோயில்களும் சாமுண்டி மலையும் வாங்கும் பத்தியில் ஒரு பங்கு போதும். 1916-ல் சமஸ்தானம் எண்ணெய் ஆலைக்குச் செய்ததோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய செலவு.